வேறு துறையிலிருந்து கடன் வாங்கும்போது நேரும் தவறுகள்

சட்டத்தையும் அறிவியலையும், அல்லது வரலாற்றையும் புள்ளியியலையும் இணைத்து ஆய்வேடு எழுதும் மாணவர்களின் வரைவுகளைப் படித்துத் திருத்துவது பல ஆண்டுகளாக என் வேலைகளுள் ஒன்று. அண்மையில் அடுத்தடுத்து நான்கு வரைவுகளைப் படித்தேன். என் முதல் ஆய்வில் நான் செய்த அதே பிழை, நான்கிலும் வேறு வேறு உருவில் இருந்தது; இதை எழுத அதுவே காரணம். கருத்துத் திருட்டு கூடாது, மேற்கோள் முறையை ஒழுங்காகப் பின்பற்ற வேண்டும் என்பனவற்றை நெறியாளர்கள் முதல் நாளே சொல்லிவிடுவார்கள் என்பதால் அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

முடிவை எடுத்துக்கொண்டு நிபந்தனையை விட்டுவிடுதல்

நான் சட்டம் படித்தவன். நேரில் கண்ட சாட்சியின் நினைவை நீதிமன்றம் எவ்வளவு நம்பலாம் என்பது என் முதல் ஆய்வின் பொருள். உளவியல் கட்டுரை ஒன்றின் சுருக்கத்தில் இருந்த ஒரு விழுக்காட்டை எடுத்து, ‘சாட்சிகளில் இத்தனை பேர் தவறான ஆளை அடையாளம் காட்டுகிறார்கள்’ என்று எழுதி, ஓர் இயல் முழுவதையும் அதன்மேல் கட்டினேன். வரைவைப் படித்த புள்ளியியல் பேராசிரியை அந்த எண்ணைப் பென்சிலால் வட்டமிட்டு, ஓரத்தில் ‘இவர்கள் யார்?’ என்று மட்டும் எழுதியிருந்தார். கட்டுரையின் ஆய்வு முறைப் பகுதியை அன்றுதான் முதன்முறையாகத் திறந்தேன். பங்கேற்றவர்கள் கல்லூரி மாணவர்கள். அவர்கள் பார்த்தது ஓர் அறைக்குள் திரையிட்ட சில நிமிடக் காணொளி. குற்றம் நடக்கும் இடத்தில் அச்சத்தோடு நின்ற ஒருவர்கூட அந்த எண்ணுக்குள் இல்லை. எட்டு மாத உழைப்பில் எழுதிய இயலை நீக்க வேண்டியதாயிற்று.

ஆய்வேட்டில் நேர்ந்தால் இயலோடு போகும் இந்தப் பிழை, வெளியே நேர்ந்தால் மனிதர்களைத் தாக்கும். 1980-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஐந்தே வாக்கியங்கள் கொண்ட கடிதம் ஒன்று வெளியானது. மருத்துவமனையில் உள்நோயாளிகளாக இருந்து ஓபியாய்டு (அபினி வகை) வலி மருந்து பெற்ற 11,882 பேரில், முன்பு போதைப் பழக்கத்துக்கு அடிமையாகாதவர்களிடையே நான்கு பேருக்கு மட்டுமே அந்த அடிமைத்தனம் உண்டானதாகப் பதிவாகியிருந்தது என்பது அதன் செய்தி. அதே இதழ் 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அக்கடிதத்தை மேற்கோள் காட்டிய 608 வெளியீடுகளில் 72.2 விழுக்காடு, அடிமைத்தனம் அரிது என்பதற்கான ஆதாரமாக அதைப் பயன்படுத்தின, 80.8 விழுக்காடு, அந்த நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதையே குறிப்பிடவில்லை. மாதக்கணக்கில் வீட்டிலிருந்தே மருந்தை விழுங்கும் நோயாளிக்கும், செவிலியர் கண்காணிப்பில் மருந்து பெறும் நோயாளிக்கும் உள்ள வேறுபாடு ‘மருத்துவமனை’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது.

நீதிமன்றத்திலும் இது நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் தம் இரு ஆண் குழந்தைகளைக் கொன்றதாக 1999-இல் தண்டிக்கப்பட்ட சாலி கிளார்க்கின் வழக்கில், ஒரே குடும்பத்தில் இரு குழந்தைகள் காரணம் தெரியாத திடீர் இறப்புக்கு ஆளாகும் வாய்ப்பு 7.3 கோடியில் ஒன்று என்று குழந்தை மருத்துவர் ஒருவர் சாட்சியம் சொன்னார். ஒரு குழந்தை அப்படி இறக்கும் வாய்ப்பாகக் கொண்ட 8,543-இல் ஒன்று என்ற எண்ணை அதே எண்ணால் பெருக்கிப் பெற்ற விடை அது. ஒரு நிகழ்வு மற்றொன்றைச் சாராதபோது மட்டுமே இப்படிப் பெருக்கலாம். ஒரே பெற்றோருக்குப் பிறந்து ஒரே வீட்டில் வளர்ந்த குழந்தைகளுக்கு அது பொருந்தும் என்று யாரும் நிறுவவில்லை. அந்த எண்ணுக்குப் புள்ளியியல் அடிப்படை இல்லை என்று ராயல் புள்ளியியல் கழகம் 2001-இல் வெளிப்படையாக அறிவித்தது.

இந்த வழக்கை மேற்கோள் காட்டும் மாணவர்களும் அதே பிழையைச் செய்வதுதான் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. ‘தவறான புள்ளிவிவரத்தால் 2003-இல் தண்டனை ரத்தானது’ என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். மேல்முறையீட்டுத் தீர்ப்பைத் திறந்து படித்தால், கிளார்க்கின் தரப்புக்குத் தெரிவிக்கப்படாமல் போன நுண்ணுயிரியல் சோதனை முடிவுகளே முதன்மைக் காரணம் என்பதும், புள்ளிவிவரத்தைப் பற்றிய கண்டனம் அதற்கு அடுத்த நிலையில் வருவதும் தெரியும். தீர்ப்பு எளிதில் படிக்கக் கிடைக்கிறது. அதைப் படிக்காமல் அதைப் பற்றி எழுதியவர்களைப் படித்துவிட்டு எழுதுகிறார்கள்.

தீர்ப்பில் இருப்பதெல்லாம் தீர்ப்பு என்று நினைத்தல்

அறிவியல் பின்னணியிலிருந்து வருபவர்கள் இதில் அதிகம் சறுக்குகிறார்கள். ஒரு தீர்ப்பின் உரையில் வழக்கறிஞர்களின் வாதம், கீழமை நீதிமன்றம் சொன்னது, பெரும்பான்மையோடு மாறுபட்ட நீதிபதியின் கருத்து, போகிற போக்கில் சொன்ன கருத்து எல்லாம் அடுத்தடுத்து வரும். தம் கருதுகோளுக்குப் பொருந்தும் வாக்கியம் கண்ணில் பட்டவுடன் ‘நீதிமன்றம் கூறியது’ என்று எழுதிவிட்டால், தோற்றுப்போன தரப்பின் வாதத்தைச் சட்டமாக எழுதியதாக முடியும். நான் படித்த நான்கு வரைவுகளில் ஒன்றில் அப்படியே இருந்தது.

இன்றும் செல்லுமா என்று பார்க்காமை

சட்ட மாணவர் எந்தத் தீர்ப்பையும் பின்னர் வந்த தீர்ப்பு மாற்றிவிட்டதா என்று பார்க்காமல் மேற்கோள் காட்டமாட்டார்; அதே மாணவர் அறிவியல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்று பார்ப்பதில்லை. எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா) தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தி, 12 குழந்தைகளை மட்டும் வைத்து 1998-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் வெளியிட்ட கட்டுரையை, அவ்விதழ் 2010-இல்தான் திரும்பப் பெற்றது. எதிர்ப்பக்கத்தில், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1973-ஆம் ஆண்டு கருக்கலைப்புத் தீர்ப்பை அந்நீதிமன்றமே 2022-இல் நீக்கிவிட்டது என்பதை அறியாமல், அதை நடப்புச் சட்டமாக எழுதும் பொதுச் சுகாதார வரைவுகளையும் பார்க்கிறேன்.

ஒரே சொல்லுக்கு ஒரே பொருள் என்று கொள்ளுதல்

அன்றாடப் பேச்சில் ‘குறிப்பிடத்தக்க’ வேறுபாடு என்றால் பெரியது. புள்ளியியலில் அது தற்செயலாக நேர்ந்திருக்க வாய்ப்புக் குறைவு என்பதையே குறிக்கும்; அந்த வேறுபாடு மிகச் சிறியதாகவும் இருக்கலாம்.

மேற்கோள் எண்ணிக்கையைத் தரச்சான்றாகக் கொள்ளுதல்

மேலே சொன்ன ஐந்து வாக்கியக் கடிதத்தை நினைவில் கொள்ளுங்கள்: 608 வெளியீடுகள் அதை மேற்கோள் காட்டின, பெரும்பாலானவை அதன் நிபந்தனையை விட்டுவிட்டன.

மற்ற துறையினரை இறுதியில் அணுகுதல்

வரைவை முடித்துவிட்டு, ‘சரியாக இருக்கிறதா?’ என்று கேட்டால், பெரும்பாலும் மரியாதைக்காக ஆம் என்றே சொல்வார்கள். தொடக்கத்திலேயே சென்று, ‘இந்த முடிவை எங்கே பயன்படுத்தினால் உங்களுக்குக் கோபம் வரும்?’ என்று கேட்பது நல்லது. இந்தக் கேள்விக்கு யாரும் ஒரு சொல்லில் விடை சொன்னதில்லை; அரைமணி நேரமாவது பேசுவார்கள்.

இப்போது என்னிடம் வரும் மாணவர்களை, வேறு துறையிலிருந்து எடுத்த ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரு தாளில் எழுதி, எதிரே மூன்று கட்டங்களை நிரப்பச் சொல்கிறேன்: யாரிடம் சோதித்தது, எந்தச் சூழலில், எதை அளந்தது. சென்ற வாரம் ஒரு மாணவி கொண்டுவந்த தாளில் 31 வாக்கியங்கள் இருந்தன. அவற்றுள் 11 வாக்கியங்களுக்கு எதிரே மூன்று கட்டங்களும் காலி. அந்தப் பதினொரு வாக்கியங்களையும் எடுத்த கட்டுரைகளை அச்சிட்டு, ஆய்வு முறைப் பகுதியிலிருந்து படிக்கத் தொடங்கியிருக்கிறார்.