மிச்சமான நொடிகள் யாருக்கு? லீன் முறையைப் பாதுகாப்புக்குப் பயன்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீணாகப் போவதைக் குறைத்து உற்பத்தியைச் சீராக்குவதுதான் லீன் முறை. டொயோட்டாவில் பொறியாளர் தைச்சி ஓனோ பட்டியலிட்ட 7 வகை வீண்களில் தேவையில்லாத அசைவும் ஒன்று. குனிவது, எட்டி எடுப்பது, உடம்பைத் திருப்பிக்கொண்டே இருப்பது எல்லாம் இதில் அடங்கும். இவை நேரத்தைத் தின்பதோடு முதுகையும் தோளையும் சேர்த்தே தின்கின்றன. அதனால் இந்த வீண்களைக் குறைத்தாலே பாதுகாப்பு தானாக வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பெரிய தவறு இந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். தரையில் இருந்த உதிரிபாகப் பெட்டியை இடுப்பு உயரத்துக்கு ஏற்றுகிறோம். 40 நொடி பிடித்த வேலை 36 நொடியில் முடிகிறது. குனிவது நின்றது, நல்லது. ஆனால் மிச்சமான 4 நொடியையும் உற்பத்தியிலேயே போட்டால், மணிக்கு 90 முறை திருகிய மணிக்கட்டு இனி 100 முறை திருகும். 8 மணி நேரத்தில் கூடுதலாக 80 முறை. முன்பு குனிந்து நிமிர்ந்த அந்த இடைவெளியில் மணிக்கட்டுக்காவது கொஞ்சம் ஓய்வு கிடைத்தது; இப்போது அதுவும் இல்லை. முதுகுவலி மணிக்கட்டு வலியாக இடம் மாறியதை முன்னேற்றம் என்று என்னால் ஏற்க முடியாது. மிச்சமான நொடிகளில் ஒரு பங்கு தொழிலாளியின் உடம்புக்குப் போக வேண்டும். வேறு தசைகளுக்கு வேலை தரும் இடத்துக்கு ஆட்களை மாற்றி மாற்றி அனுப்புங்கள். கனமான கருவியைக் கையில் தாங்க விடாமல் மேலிருந்து தொங்கவிடுங்கள்.

அடுத்தது 5எஸ், அதாவது வேலை செய்யும் இடத்தை ஒழுங்காகவும் சுத்தமாகவும் வைத்திருக்கும் ஐந்து படி முறை. தரையில் மஞ்சள் கோடு போட்டு, போட்டோ எடுத்து மாட்டியதோடு பல இடங்களில் இது முடிந்துவிடுகிறது. மெஷினடியில் கசியும் எண்ணெயைத் தினமும் துடைப்பது சுத்தம் ஆகாது. துடைக்கும்போதே கசிவு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கத்தான் அந்த முறையே இருக்கிறது. கசிவைத் தடுக்கும் 'சீல்' தேய்ந்திருந்தால் அதை மாற்றுங்கள்; வழுக்கி விழும் ஆபத்தும் போகும், துடைக்கும் வேலையும் போகும்.

மூல காரணத்தைத் தேட ஐந்து முறை 'ஏன்' கேட்பதில் நடக்கும் தவறு இன்னும் வேதனையானது. கன்வேயரில் ஒருவர் கை சிக்கியது என்று வைத்துக்கொள்வோம். ஏன் கையை விட்டார்? பாகம் மாட்டிக்கொண்டது. 'கவனக்குறைவு' என்று எழுதி இங்கேயே ஃபைலை மூடிவிடுகிறார்கள். விடாமல் கேளுங்கள். ஏன் நிறுத்தாமல் கை விட்டார்? நிறுத்தினால் திரும்ப ஓட்ட வெகு நேரமாகும், உற்பத்திக் கணக்கு குறையும். பாகம் ஏன் அடிக்கடி மாட்டுகிறது? வழிகாட்டிப் பட்டை தேய்ந்திருக்கிறது. ஏன் மாற்றவில்லை? பராமரிப்புப் பட்டியலில் அது சேர்க்கப்படவே இல்லை. இப்போதுதான் சரிசெய்யக்கூடிய ஒன்று கையில் கிடைக்கிறது. பட்டையை மாற்றுவதோடு, அடைப்பை எடுக்கும்போது மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போடும் வழக்கத்தையும் கொண்டுவர வேண்டும்.

தவறு நேராதபடி கருவியையே வடிவமைக்கும் போக்கா-யோகே முறைக்கு முதலில் இருந்த பெயர் பாக்கா-யோகே, அதாவது முட்டாள் தடுப்பு. அந்தச் சொல் தொழிலாளரை இழிவுபடுத்துகிறது என்று ஜப்பானியப் பொறியாளர் ஷிகேயோ ஷிங்கோ அதை மாற்றினார். பெயரை மாற்றியும், 'அவர் கவனமாக இருந்திருக்கலாமே' என்ற பேச்சு இன்னும் போகவில்லை. பிரஸ் மெஷினில் இரண்டு கைகளும் பட்டனில் இருந்தால்தான் அச்சு இறங்கும் என்று அமைத்துவிட்டால், அந்தக் கைகளைக் காப்பாற்ற அறிவுரையை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. கையுறையும் ஹெல்மெட்டும் தேவைதான். ஆனால் அவை கடைசி அரண், முதல் பதில் அல்ல.

அப்புறம் 'ஆண்டான்' கயிறு, அதாவது கோளாறு தெரிந்தால் தொழிலாளியே இழுத்து லைனை நிறுத்தும் கயிறு. ஆபத்து தெரிந்து ஒருவர் அதை இழுத்ததும், சூப்பர்வைசர் கேட்கும் முதல் கேள்வி 'ஏன் லைனை நிறுத்தினாய்?' என்று இருந்தால், அடுத்த முறை யாரும் இழுக்க மாட்டார்கள். 'விபத்தில்லாத நாட்கள்' பலகைக்குப் பரிசு வைப்பதும் இதே விளைவைத்தான் தரும். மொத்த ஷிஃப்டின் பரிசும் போய்விடுமே என்று சின்னக் காயங்களை மறைப்பார்கள். மயிரிழையில் தப்பிய சம்பவங்கள் எத்தனை சொல்லப்பட்டன, அவற்றில் எத்தனை சரிசெய்யப்பட்டன என்று எண்ணுங்கள்.

கடைசியாக, கைசன் (சின்னச் சின்ன மேம்பாடுகளைத் தொடர்ந்து செய்வது) வேகத்தில் மெஷின்களை நெருக்கிப் போடுவது. நடை குறையும், சரி. ஆனால் பராமரிப்பு ஆள் உள்ளே நுழைய முடிகிறதா? நின்ற இடத்திலிருந்தே அவசர நிறுத்தப் பட்டன் கைக்கு எட்டுகிறதா? ஃபோர்க்லிஃப்ட் திரும்பும்போது ஓட்டுநருக்கு ஆள் வருவது தெரிகிறதா? மெஷினை நகர்த்தும் முன்பே தரையில் டேப் ஒட்டி, இரவு ஷிஃப்ட் ஆட்களையும் அழைத்து வந்து, ஒரு முறை நடந்து பார்க்கச் சொல்லுங்கள்.