தேள் வாலுக்கு மேலே தூசிக்குள் ஒரு விண்மீன் கொத்து: கணினியில் பார்ப்பது எப்படி?

ஜூலை மாதத்தில் இரவு பத்து மணிவாக்கில் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நின்று தெற்கே பார்த்தால், விருச்சிகத்தின் கொக்கி வால் நன்றாகத் தெரியும். வால் முனையில் பளிச்சென்று இருப்பது மூல நட்சத்திரம். கையை நீட்டி மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடியுங்கள். மூலத்துக்கு நேர் மேலே, அந்த அகலத்துக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் லில்லர் 1 என்ற கோளக் கொத்து (பந்து போல நெருங்கித் திரண்ட விண்மீன் கூட்டம்) இருக்கிறது. வீட்டுத் தொலைநோக்கியில் தேடிப் பயனில்லை. நடுவே பால்வீதியின் தூசி மறைக்கிறது.

அண்மை அகச்சிவப்பில், அதாவது கண்ணுக்குத் தெரியும் சிவப்பை அடுத்து வரும் நீண்ட அலை ஒளியில், மட்டும் கதை வேறு. தூசித் துகள்கள் ஒரு மைக்ரானைவிட (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறியவை, அதனால் நீண்ட அலைகளை அவ்வளவாகத் தடுப்பதில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் நூறில் ஒரு பங்கை மட்டும் விடுகிற தூசி, 2.2 மைக்ரான் அலைநீள அகச்சிவப்பு ஒளியில் பாதிக்கு மேல் விட்டுவிடும். லில்லர் 1-க்கு முன்னால் இருப்பது இதைவிடவும் அடர்த்தி.

இதற்காக அகச்சிவப்பு கேமரா வாங்கிவிடாதீர்கள். நம் கடலோரக் காற்றின் ஈரமும் வெப்பமும் அதற்கு ஆகவே ஆகாது. இந்தியாவில் இந்த வேலை நடப்பது லடாக்கின் ஹான்லே போல உயரமான, வறண்ட இடங்களில்.

படி 1: பிரவுசரில் அலாடின் லைட் என்ற வான்பட இணையதளத்தைத் திறங்கள், இலவசம்தான். தேடல் பெட்டியில் 17 33 24 -33 23 20 என்று தட்டுங்கள். வானில் லில்லர் 1 இருக்கும் இடத்தைச் சொல்லும் எண்கள் இவை.

படி 2: பின்னணிப் படமாக, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுத்த டிஎஸ்எஸ் கலர் இருக்கட்டும். பத்து வில்நிமிட (ஒரு பாகையில் ஆறில் ஒரு பங்கு) அகலத்துக்குப் பெரிதாக்குங்கள். விண்மீன்கள் ஏராளம், ஆனால் கொத்து என்று சொல்லும்படி எதுவும் இல்லை.

படி 3: பின்னணியை 2மாஸ் என்ற அண்மை அகச்சிவப்புப் படத்துக்கு மாற்றுங்கள். 1997 முதல் 2001 வரை அரிசோனாவிலும் சிலியிலும் இருந்த இரண்டு 1.3 மீட்டர் தொலைநோக்கிகள் எடுத்த படம் இது. அதே இடத்தில் இப்போது நெருக்கமான ஒளிப்பந்து தெரியும்.

படி 4: இதுதான் முக்கியம், அவசரப்படாதீர்கள். 2மாஸ் அட்டவணையை ஏற்றி, ஒரு விண்மீனைச் சொடுக்கினால் ஜே, எச், கே என மூன்று அகச்சிவப்பு வடிகட்டிகளில் அளந்த பொலிவெண்கள் வரும் (எண் பெரிதானால் விண்மீன் மங்கல்). ஜே-யின் அலைநீளம் குறைவு, கே-யினுடையது அதிகம்; தூசி ஜே-யைத்தான் அதிகம் மங்கச் செய்யும். ஜே-யிலிருந்து கே-யைக் கழியுங்கள். தூசி மறைக்காத செம்பெரு விண்மீனுக்கு (வயதாகி உப்பிச் சிவந்த விண்மீன்) விடை 1-ஐ ஒட்டி வரும். கொத்தின் விண்மீன்களுக்கு 2-ஐத் தாண்டும். ஒன்றுக்குக் கீழே வந்தால் அது பெரும்பாலும் நமக்கும் கொத்துக்கும் நடுவே நிற்கிற வேறு விண்மீன். கொத்தின் நட்டநடுவை நம்பாதீர்கள். அங்கே பல விண்மீன்கள் ஒன்றாகக் குழைந்துவிடும். சற்றுத் தள்ளி எடுங்கள்.

அந்த நடுப்பகுதியைப் பிரித்துப் பார்க்க சிலியின் ஜெமினி சவுத், விண்வெளியிலுள்ள ஹபிள் போன்ற பெரிய தொலைநோக்கிகள் தேவைப்பட்டன. 2021-இல் அப்படிப் பிரித்தபோது, 1,200 கோடி ஆண்டு வயதான விண்மீன்களோடு 100 முதல் 300 கோடி ஆண்டு மட்டுமே ஆனவையும் இருந்தன. கோளக் கொத்து என்றாலே கிழடு என்ற எண்ணத்துக்கு இது சரியான அடி.

அப்புறம் டெர்சான் 5 என்ற இன்னொரு கோளக் கொத்தையும் இதேபோல் செய்யுங்கள்: 17 48 05 -24 46 45. அங்கே தூசி கொஞ்சம் குறைவு, அதனால் கழித்தல் விடையும் பொதுவாக லில்லரைவிடக் குறைவாக வரவேண்டும்.