லாரி கிளம்பிவிட்டால் லாஜிஸ்டிக்ஸ் முடிந்ததா?

44-ம் 48-ம் எண் தேசிய நெடுஞ்சாலைகள் கிருஷ்ணகிரியில் சந்திக்கின்றன. அதனாலோ என்னவோ, இந்தப் பக்கம் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர்கூட பலகையில் லாஜிஸ்டிக்ஸ் என்று எழுதிக்கொள்கிறார். எழுதட்டும். ஆனால் சரக்கு அனுப்புகிறவரும் அதை வெறும் லாரி வாடகை என்று எடுத்துக்கொண்டால் கையைக் கடிக்கும். எதில் கட்டுவது, எங்கே இருப்பு வைப்பது, எப்போது ஏற்றுவது, பில் யார் பார்ப்பது என எல்லாமே அதில் அடக்கம்.

மாங்கூழையே பாருங்கள். மாம்பழ வரத்து சில மாதம்தான், கூழ் விற்பனையோ ஆண்டு முழுக்க. அசெப்டிக், அதாவது கிருமி நீக்கிய பையில் அடைத்து டிரம்மில் வைத்தால் குளிர்பதனம் இல்லாமலே தாங்கும். உறையவைத்த கூழுக்கு மைனஸ் 18 டிகிரி வேண்டும். இதில் எது என்று பார்க்காமல், குடோன் வாடகை, முடங்கிக் கிடக்கும் பணத்துக்கு வட்டி எதையும் சேர்க்காமல், லாரி வாடகையை மட்டும் கூட்டி விலை சொல்லிவிடுகிறார்கள். மிச்சம் என்று நினைத்தது குடோனிலேயே கரைந்துவிடும்.

ராயக்கோட்டை, பாலக்கோடு தக்காளியில் கோளாறு வேறு மாதிரி. பெட்டியின் விளிம்புக்கு மேல் குவித்து நிரப்புவார்கள். மேல் பெட்டி கீழ்ப் பெட்டியின் விளிம்பில் உட்காராமல் பழத்தின் மேலேயே உட்காரும். மண்டியில் இறக்கும்போது அடி வரிசையிலிருந்து சாறு வடியும். வாடகை குறைவு என்று பத்து இடத்தில் நின்று போகும் வண்டியில் ஏற்றினாலும் நஷ்டம்தான், ஏலம் முடிந்த பிறகு போய்ச் சேரும். காலிப் பெட்டி திரும்பி வரும் செலவை யாரும் கணக்கில் எழுதுவதே இல்லை.

அப்புறம் இ-வே பில், அதாவது சரக்கு போகும்போது ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் மின்னணு பில். பதப்படுத்தாத தக்காளி, மாம்பழத்துக்கு அது தேவையில்லை. வரி உள்ள மாங்கூழுக்கு உண்டு. சாதாரண சரக்குக்கு ஒவ்வொரு 200 கிலோமீட்டருக்கும் ஒரு நாள் என்று பில்லுக்குக் கெடு. கடைசியில் 200-க்குக் குறைவாக மிச்சமிருக்கும் தூரத்துக்கும் இன்னொரு நாள். கெடு முடிவதற்கு முந்தைய 8 மணி நேரத்துக்குள்ளோ, முடிந்த பின் 8 மணி நேரத்துக்குள்ளோதான் நீட்டிக்க முடியும். தொப்பூர் கணவாயில் வண்டி நின்று சரக்கை வேறு லாரிக்கு மாற்றினால், பில்லில் புது வண்டி எண்ணைப் போட்ட பிறகே நகர வேண்டும். பழைய எண்ணோடு சோதனையில் மாட்டினால் வண்டியோடு சரக்கும் நிற்கும். எண்ணை மாற்றுவது யார் வேலை என்று லோடு ஏற்றும்போதே பேசிவிடுங்கள். நடுராத்திரியில் முதலாளி போனை எடுக்க மாட்டார்.