தக்காளிப் பூ உதிர்வதை நிறுத்திய விதம்

இந்தக் கோடை முழுக்க மழையும் குளிருமாகவே போனது. தொட்டியில் தக்காளிச் செடிகள் நன்றாக வளர்ந்தன, கொத்துக் கொத்தாகப் பூத்தன. ஆனால் ஒரு பிஞ்சுகூடப் பிடிக்கவில்லை. பூக்காம்பின் நடுவில் முழங்கை போல ஒரு கணு இருக்கும். அது மஞ்சளாகி, பூ அந்த இடத்திலேயே ஒடிந்து விழுந்தது.

சாம்பல் சத்து (பொட்டாஷ் உரம்) கொடுத்தேன், பயனில்லை. தண்ணீரைக் குறைத்தேன், அடி இலைகளைக் கழித்தேன். உதிர்வது நிற்கவில்லை. பூச்சியும் தென்படவில்லை.

அப்புறம் பூவையே சோதித்துப் பார்த்தேன். ஈரமான காலையில் பூவுக்கு அடியில் கறுப்புத் தாளைப் பிடித்துக் காம்பைச் சுண்டினால் ஒன்றும் விழவில்லை. செடியை மழை படாத, காற்றோட்டமான கூரைக்கு அடியில் மாற்றி, நண்பகலில் சுண்டினேன். தாளில் மஞ்சள் தூளாக மகரந்தம்!

தக்காளிப் பூவுக்குத் தன் மகரந்தமே போதும், அது கொட்ட அதிர்வுதான் வேண்டும். காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் மகரந்தம் ஒட்டிக்கொள்கிறது. இரவில் 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் மகரந்தமே சரியாக உருவாவதில்லை. அதனால் இரவில் தொட்டிகளைக் குளிர் குறைவான சுவரோரம் நகர்த்தினேன். நண்பகலில், இலை காய்ந்த பிறகு, பேட்டரி பல்துலக்கியின் பின்புறத்தைப் பூங்கொத்தின் காம்பில் ஓரிரு நொடி வைத்தேன்.

இதழ் காய்ந்தும் கணு பச்சையாகவே நின்றால் காய் பிடித்துவிட்டது என்று பொருள். கணு ஏற்கெனவே மஞ்சளான பூவில் இது பலிக்காது. இதழ் பின்னோக்கி மடிந்த புதுப் பூக்களில் மட்டும் செய்யுங்கள்.