‘தி இந்து’வின் வரலாற்றைப் பழைய இதழ்களிலிருந்து எழுதுவது எப்படி?

பத்திரிகை வரலாறு எழுத உட்காருபவர்கள் முதலில் தேடுவது நூற்றாண்டு மலரைத்தான். நான் அதைக் கடைசியில் எடுக்கச் சொல்வேன். விழா மலரில் சாதனைகள் பெரிதாகத் தெரியும். மனக்கசப்புகள் ஓரிரு வரியில் முடிந்துவிடும்.

முதலில் ஒரு தாளில் திருப்பங்களை எழுதிக்கொள்ளுங்கள். 1878 செப்டம்பர் 20, வார இதழாக 80 பிரதிகளுடன் தொடக்கம். 1883இல் வாரம் மும்முறை. 1889இல் நாளிதழ். 1905இல் கஸ்தூரிரங்க ஐயங்கார் 75,000 ரூபாய்க்கு வாங்குகிறார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘ஏன்?’ என்று எழுதி இடம் விடுங்கள்.

தொடக்கத்துக்கான ஏன், முத்துசாமி ஐயர். அவரைச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமித்ததை ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் தாக்கின. பதில் சொல்ல ஆறு இளைஞர்கள் ஒன்றேமுக்கால் ரூபாய் கடன் வாங்கி முதல் இதழைக் கொண்டுவந்தார்கள். ஆகவே எதிர்த்தரப்பு என்ன எழுதியது என்று பார்க்காமல் அந்த முதல் இதழைப் படித்துப் பயனில்லை.

1898இல் மட்டும் அவசரப்படாதீர்கள். நிறுவனர்களில் முதன்மையானவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் அந்த ஆண்டு விலகினார். கணவனை இழந்த தன் மகளுக்கு மறுமணம் செய்துவைத்த மனிதர் அவர். எனக்கு அவர் மீது பெரிய மரியாதை உண்டு. விலகிய பிறகு, 1882இல் தானே தொடங்கியிருந்த தமிழ் இதழான ‘சுதேசமித்திர’னை 1899இல் நாளிதழாக்கினார். பாரதியார் 1904இல் வந்து சேர்ந்தது அங்கேதான். அதனால் இரண்டு பத்திரிகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். சமூகச் சீர்திருத்தம் பற்றிய தலையங்கங்களை 1898க்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டால் குரல் எங்கே மாறுகிறது என்று பிடிபடும். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில், சுதேசிப் பத்திரிகைகள் எழுதியதை ஆங்கிலேய அரசு மொழிபெயர்த்துத் தொகுத்த அறிக்கைகள் இருக்கின்றன. அதையும் கேளுங்கள்.

அப்புறம், அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயர் போட்ட பொடி எழுத்து வரி. 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி அது இருந்தே ஆக வேண்டியிருந்தது. அதில் பெயர் மாறிய தேதியைக் குறியுங்கள். பெரும்பாலும் அதற்குச் சற்று முன்னால்தான் உள்ளே ஏதோ நடந்திருக்கும்.

முதல் பக்கத்தில் விளம்பரமாகவே இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். 1958 ஜனவரி வரை அப்படித்தான். செய்திக்கு உள்ளே போங்கள்.

குறிப்பெடுக்கும்போது தேதி, பக்கம், பத்தி வரிசை மூன்றையும் எழுதுங்கள். பழைய இதழ்களைச் சிறிதாகப் படமெடுத்து வைத்த மைக்ரோஃபிலிம் சுருளில் அதே வரியைத் திரும்பத் தேடுவது கண்ணுக்குப் பெரிய பாடு.