ஒன்பது கடை, ஒன்பது டீ: வண்டியில் சுற்றுகிறவள் இடுப்பைக் குறைத்த வழி

களக்காட்டில் ஒரு தையல் கடை வாசலில் என் வண்டி சாய்ந்தது. ஓடும்போது இல்லை, நின்றபடியே. முந்தின நாள் மழையில் ஊறிய மண்ணில் சைடு ஸ்டாண்டைப் போட்டுவிட்டு உள்ளே போனது என் தப்பு. வெளியே வந்து பார்த்தால் 195 கிலோ ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 மல்லாக்கப் படுக்காத குறை. ஹேண்டிலைப் பிடித்து இழுத்தேன். வண்டி அசையவில்லை, என் இடுப்புதான் பிடித்துக்கொண்டது. எதிர் டீக்கடையில் நின்ற இரண்டு பையன்கள் ஓடிவந்து, "அக்கா, நீங்க தள்ளி நில்லுங்க" என்று தூக்கி நிறுத்திக் கொடுத்தார்கள். உதவிதான் செய்தார்கள். ஆனாலும் அந்தத் "தள்ளி நில்லுங்க" பாளையங்கோட்டை வந்து சேருகிறவரை ஹெல்மெட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

அன்று என் எடை 84 கிலோ, உயரம் 157 சென்டிமீட்டர், வயது 43. பதினான்கு மாதம் கழித்து இன்று 72 கிலோ. மாதத்துக்கு ஒரு கிலோகூட இல்லை என்று என் மைனி கேலி செய்கிறாள். செய்யட்டும்.

என் வேலை தையல் கடைகளுக்கு லைனிங் துணி, ஜிப், கொக்கி, நூல்கண்டு, சேலை ஃபால்ஸ் கொண்டுபோய்ப் போடுவது. செவ்வாயும் வியாழனும் மேற்கே: சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம். மற்ற நாளில் தெற்கே: நாங்குநேரி, களக்காடு, ஏர்வாடி, வள்ளியூர், பணகுடி. இப்படி நாள் பூராவும் அலைகிறவளுக்கு எப்படி எடை ஏறும் என்று நானே நினைத்தேன். சட்டை நனைகிறது, சாயங்காலம் கை கால் விட்டுப்போகிறது, அப்போது உடற்பயிற்சி ஆகிவிட்டதுதானே? இல்லை. அந்த அலுப்பு வெயிலுடையது, காற்றுச் சத்தத்துடையது, கிளட்சைப் பிடித்துப் பிடித்து வருவது. வேர்வையில் போவது தண்ணீர். வீட்டுக்கு வந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்தால் அந்த எடை திரும்பி வந்துவிடும்.

சரி, பின்னே எங்கேதான் ஏறியது? ஒரு வாரம் சிட்டைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வாயில் போட்டதை எல்லாம் எழுதினேன். நீங்களும் முதலில் இதைச் செய்யுங்கள், வேறு எதையும் மாற்றாமல். வண்டி ஓடுகிற நேரத்தில் ஏறவில்லை, நிற்கிற இடத்தில் ஏறியிருந்தது. ஒன்பது கடை, ஒன்பது டீ. ஒரு டீக்கு இரண்டு கரண்டி சீனி, ஏறக்குறைய 10 கிராம், 40 கலோரி. ஒன்பதுக்கு 360. பாலைச் சேர்க்கவில்லை, கூட வந்த ஆமவடையைச் சேர்க்கவில்லை. அந்தச் சீனியை மட்டும் நடந்து கழிக்க வேண்டுமென்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும்.

நம் பக்கத்தில் டீ வேண்டாம் என்று சொல்வது லேசான காரியம் இல்லை. "டீ குடிக்காமப் போனா எப்படி, பில்லைக் கொண்டாங்க, பிறவு பாப்போம்" என்பார் அண்ணாச்சி. டீயை மறுத்தால் சரக்கையும் மறுத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கும். நான் கண்ட வழி இது. டீயை மறுக்காதீர்கள், சீனியை மறுங்கள். அதையும் கிளாஸ் கைக்கு வந்த பிறகு சொல்லக்கூடாது, பையன் வாங்கப் போகும்போதே சொல்லிவிட வேண்டும். முதல் வாரம் எல்லாக் கடையிலும் ஒரே கேள்வி: "சீனி வந்துட்டாம்மா உங்களுக்கு?" வரவில்லை, வராமல் இருக்கத்தான் என்றேன். மூன்றாவது வாரம் கேட்பதை விட்டார்கள். இப்போது மூன்று கடையில் சீனி இல்லாத டீ, மற்ற இடங்களில் தண்ணீர் அல்லது உப்புப் போட்ட மோர். கருப்பட்டி காப்பி ஆகும்தானே என்று கேட்பவர்களுக்கு: கருப்பட்டியும் இனிப்புத்தான். பதநீரும் அப்படியே. ருசிக்காகக் குடியுங்கள், மருந்தென்று நினைத்து இரண்டாவது ஓலைப்பட்டை வாங்காதீர்கள்.

அல்வாவை விடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊர் அப்படி. கால் கிலோ பொட்டலம் வாங்கி வீட்டில் வைத்தால் அது ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிடும். அதனால் பொட்டலம் வாங்குவதில்லை. மாதம் ஒரு தடவை கடை வாசலில் நின்று சுடச்சுட 50 கிராம், கையைத் துடைத்துவிட்டு வண்டியை எடுப்பேன்.

அடுத்தது நடை. காலையில் வ.உ.சி. மைதானத்துப் பக்கம் போய் நடக்க முடிந்தவர்கள் நடக்கட்டும், நல்லது. எனக்கு ஐந்தரைக்கு அடுப்பு, ஏழரைக்கு மூட்டை கட்டுவது. அதனால் நடையைத் தொழிலுக்குள் நுழைத்தேன். அம்பாசமுத்திரம் கடைத்தெருவில் எனக்கு நான்கு கடை. முன்பு ஒவ்வொன்றின் வாசலுக்கும் வண்டியிலேயே போவேன், இருநூறு அடிக்கு ஒரு ஸ்டார்ட். இப்போது ஒரு முனையில் வண்டியைப் பூட்டிவிட்டு, நான்கு கடைச் சரக்கையும் இரண்டு பையில் பிரித்துத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன். டவுனில் வேலை இருந்தால் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி நாலு ரத வீதியும் நடைதான். வண்டியை நெரிசலில் நுழைத்து மல்லுக்கட்டுவதும் மிச்சம். பைகள் இரண்டு கையிலும் சமமாக இருக்க வேண்டும். ஒரே தோளில் மாட்டினால் கழுத்து பிடித்துக்கொள்ளும், எனக்குப் பிடித்தது.

மத்தியானச் சாப்பாடு கையோடு போக வேண்டும். டேங்க் பையில் ஒரு டிபன் பாக்ஸ். வாரத்தில் இரண்டு நாள் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். உளுந்து வயிற்றில் நிற்கும், நாலு மணி வடையை மறக்கடிக்கும். பழைய அளவில் சோறு வைக்காமல், பாதிச் சோறு, மிச்சத்துக்கு அவியலோ பொரியலோ. மற்ற நாளில் அவித்த முட்டை இரண்டு, இல்லையென்றால் கொண்டைக்கடலைச் சுண்டல். ராத்திரி பரோட்டா மூன்றில் இருந்து ஒன்றாக இறங்கியது, சால்னா ஊற்றி ஊறப்போடுவதற்குப் பதில் தொட்டுக்கொள்வது, கூட ஒரு ஆம்லேட். கல்யாணம் முடிந்து மறுவீட்டில் தேங்காய்ப்பால் சொதி வைத்தால் மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை. தலைப்பால் ஊற்றி, இஞ்சித் துவையலோடு வைக்கிறதை எண்ணிக்கொண்டு சாப்பிட்டால் அது சாப்பாடே இல்லை.

பட்டினி மட்டும் வேண்டாம். ஆரம்பத்தில் அவசரப்பட்டு மூன்று நாள் வெறும் ஜூஸில் ஓட்டினேன். மூன்றாம் நாள் நாங்குநேரி தாண்டி நாற்கரச் சாலையில் கண் மங்கிக்கொண்டு வந்தது. ஓரம் கட்டி, வேப்பமரத்தடியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதுவும் ஆடிக் காற்று. பணகுடிப் பக்கம் காற்று பக்கவாட்டில் அறையும்போது இப்படி வந்திருந்தால் இதை எழுத நான் இல்லை. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன் டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும், சர்க்கரை இறங்கினால் வண்டியில் வைத்தே தலை சுற்றும். தைராய்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், நான் பார்த்தேன்.

தண்ணீர் விஷயத்தை ஆண்கள் எழுதும் குறிப்புகளில் பார்க்க முடியாது. "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். குடித்தால் எங்கே போவது? பல வருஷம் நான் காலையில் அரை டம்ளரோடு கிளம்பி, சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு, நீர்க்கடுப்பில் அவதிப்பட்டவள். தாகத்தைப் பசி என்று நினைத்து வடை தின்றதும் அதனால்தான். இப்போது வழியில் எங்கே கழிப்பறை நன்றாக இருக்கும் என்று மனதில் ஒரு வரைபடம் வைத்திருக்கிறேன்: இரண்டு பெட்ரோல் பங்க், ஒரு பெரிய ஜவுளிக்கடை, ஒரு வாடிக்கை டெய்லர் அக்கா வீடு. உங்கள் வழிக்கு நீங்களும் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். டயட் சார்ட்டை விட அது உபயோகம்.

எடை மெஷினை வாரம் ஒரு நாள், காலையில் வெறும் வயிற்றில் மட்டும் பாருங்கள். மாதவிலக்குக்கு முந்தின நாட்களில் பார்க்கவே வேண்டாம். நீர் கோத்து ஒரு கிலோ, சிலருக்கு இரண்டு கிலோகூட ஏறிக் காட்டும், மனசு விட்டுப்போகும். நான் நம்புவது இஞ்ச் டேப்பை. டெய்லர் பிளவுஸுக்கு இடுப்பு எடுக்கும் இடம் வேறு, இது வேறு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்ட பிறகு, டேப் தரைக்குச் சமமாக. இழுத்துப் பிடிக்கக்கூடாது. நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொன்றரை இஞ்ச், தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது டாக்டர்கள் சொல்லும் கணக்கு. நான் 41 இஞ்சில் தொடங்கி 36க்கு வந்திருக்கிறேன். இன்னும் தூரம் கிடக்கிறது.

இனி வண்டியைத் தூக்கும் விஷயம். எனக்கு எல்லாம் இதில்தானே தொடங்கியது. முதலில் சாவியை அணையுங்கள். பெட்ரோல் ஒழுகுகிறதா என்று பாருங்கள், பக்கத்தில் பீடி வைத்திருப்பவரை நகரச் சொல்லுங்கள். வலப்பக்கம் சாய்ந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முதலிலேயே இறக்கிவிட வேண்டும், இல்லையென்றால் தூக்கின வேகத்தில் அந்தப் பக்கம் விழும். கியர் எட்டினால் முதல் கியரில் போடுங்கள். இடப்பக்கம் சாய்ந்து கியர் அடியில் மாட்டிக்கொண்டால், கொண்டை ரப்பரை எடுத்து முன் பிரேக்கை இழுத்துக் கட்டுங்கள். ஹேண்டிலைத் தரைப் பக்கமாக முழுக்கத் திருப்புங்கள். அப்புறம் வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் பின்புறத்தை ஒட்டி, குந்தி உட்காருவது போல இறங்குங்கள். ஒரு கை கீழே இருக்கும் பிடியில், இன்னொரு கை பின்னால் கெட்டியான கம்பியில். வலப்பக்கம் என்றால் சைலன்சர் சூடு, அங்கே கை படக்கூடாது. முதுகு நிமிர்ந்தே இருக்கட்டும். கையால் இழுக்காமல், காலால் தள்ளி, சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடந்தால் வண்டி தானாக எழுந்து வரும்.

அந்தக் கால் பலத்துக்கு நான் செய்தது முக்காலியில் உட்கார்ந்து எழுவதுதான், கையை ஊன்றாமல். பத்துப் பத்தாக மூன்று தடவை, சோறு பொங்குகிற நேரத்தில். இரண்டு மாதம் கழித்து, மெக்கானிக் அண்ணன் துணையோடு பழைய மெத்தை மேல் வண்டியைச் சாய்த்து, தூக்கிப் பார்த்தேன். நாலாவது தடவை வந்தது.

உடம்பு இறங்கினால் வண்டியிலும் சிலதை மாற்ற வேண்டும், யாரும் சொல்ல மாட்டார்கள். பின் ஷாக் அப்சார்பரில் ஆறு படி இருக்கிறது. என் எடைக்கும் சரக்குக்கும் கெட்டியாக வைத்திருந்ததை இரண்டு படி தளர்த்தினேன், குழியில் தூக்கிப் போடுவது நின்றது. கன்னம் வற்றி ஹெல்மெட் ஆடத் தொடங்கியது. தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக நகர்ந்தால் கன்னத் திண்டைத் தடிப்பாக மாற்றுங்கள், அந்த மாடலுக்குக் கிடைக்காவிட்டால் வேறு அளவு ஹெல்மெட்தான். ஜாக்கெட்டில் முழங்கைத் தடுப்பு விலகிப் போகாமல் கைப் பட்டையை இறுக்க வேண்டும்.

சுடிதார் டாப்புகளைப் பிடிக்க வீரவநல்லூர் அண்ணாச்சியிடம் கொடுத்தேன். பக்கத்துக்கு ஒன்றரை இஞ்ச் உள்ளே தைத்துக் கொடுத்தார். மிச்சத் துணியை வெட்டிவிடுங்கள், உள்ளே உறுத்துகிறது என்றேன். கத்தரியைக் கையில் எடுத்தவர் திரும்ப வைத்துவிட்டார்.

"கிடக்கட்டும்மா. தீவாளி வருதுல்லா."