போர் தண்ணீருக்கு சாஃப்ட்னர்: 40 அறை லாட்ஜ் கணக்கும், உப்பு உறிஞ்சாத சிக்கலும்

‘உப்புத் தண்ணி’ என்று நாம் ஒரே பெயரில் சொல்வது இரண்டு வெவ்வேறு சிக்கல்களை. வாயில் வைத்தால் கரிப்பது ஒன்று. கீசர் காயிலில் வெள்ளையாகப் படிவதும், ஷவர் துளைகள் அடைபடுவதும், சோப்பு நுரைக்காததும் இன்னொன்று. கரிப்புக்குக் காரணம் தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பு, அதாவது டிடிஎஸ். வெள்ளைப் படிவுக்குக் காரணம் அந்த உப்புகளில் கால்சியமும் மக்னீசியமும் மட்டும். அதற்குப் பெயர் கடினத்தன்மை, ஹார்ட்னஸ்.

சாஃப்ட்னர் தீர்ப்பது கடினத்தன்மையை மட்டுமே. உள்ளே இருக்கும் ரெசின் மணிகள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விட்டுக்கொடுக்கின்றன. பிடிக்க இடம் தீர்ந்ததும் உப்புக் கரைசலை ஓட்டி ரெசினைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ‘உப்பு போடுவது’ என்பது இதைத்தான். அதனால் டிடிஎஸ் மீட்டரில் முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே எண்தான் வரும். டிடிஎஸ் மீட்டரைக் காட்டி சாஃப்ட்னர் விற்க வருகிறவரிடம் வாங்காதீர்கள்.

முதலில் தண்ணீர் பரிசோதனை

லேபில் கேட்க வேண்டியவை நான்கு: மொத்தக் கடினத்தன்மை, டிடிஎஸ், இரும்பு, கலங்கல். லாரித் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ கலந்தால் குளோரினும் வேண்டும். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரம் கடினத்தன்மைக்கு 200 மி.கி./லிட்டர் வரை ஏற்கலாம் என்றும், வேறு நீராதாரம் இல்லையென்றால் 600 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. நம் ஊர் ஆழ்துளைக் கிணறுகள் பல அந்த 600-ஐத் தாண்டுகின்றன.

கோடையில் எண் ஏறும். மழைக்குப் பிறகு எடுத்த ரிப்போர்ட்டை வைத்து அளவு போட்டால் மே மாதம் சாஃப்ட்னர் திணறும். முடிந்தால் மே மாத எண்ணை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

இரும்பு 0.3 மி.கி.-க்கு மேல் இருந்தால் சாஃப்ட்னருக்கு முன்னால் இரும்பு நீக்கும் ஃபில்டர் கட்டாயம். வீட்டுச் சோதனை ஒன்று உண்டு: போரிலிருந்து நேராக வெள்ளை வாளியில் பிடித்து அரை மணி நேரம் திறந்து வையுங்கள். தெளிவாக வந்த தண்ணீர் செம்பழுப்பாக மாறினால் இரும்பு இருக்கிறது. அது ரெசின் மேல் பூச்சாகப் படிந்துவிட்டால் எவ்வளவு உப்பு போட்டாலும் முழுதாகப் போகாது. குளோரின் மிகுந்தால் ரெசின் மணிகள் நாளடைவில் மெத்தென்று ஆகி உடையும். சாஃப்ட்னருக்கு முன்னால் ஒரு கார்பன் ஃபில்டர் போதும்.

அளவுக் கணக்கு

‘மணிக்கு 3,000 லிட்டர் மாடல்’ என்று விற்பார்கள். அது ஓட்ட வேகம் மட்டும். ஒருமுறை உப்பு போட்டால் எத்தனை லிட்டர் வரும் என்பதுதான் உங்கள் கேள்வி.

40 அறை, 80 படுக்கை கொண்ட ஒரு லாட்ஜை எடுத்துக்கொள்வோம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஒரு படுக்கைக்கு நாளொன்றுக்கு 180 லிட்டர் என்கிறது. அதில் 60 லிட்டர் ஃப்ளஷுக்கு. ஃப்ளஷுக்கு சாஃப்ட் தண்ணீர் வேண்டாம். அந்தக் குழாயைத் தனியாகப் பிரித்துவிட்டால் மிச்சம் 80 × 120 = 9,600. 10,000 லிட்டர் என்று வைப்போம். கடினத்தன்மை 600 மி.கி.

10,000 × 600 மி.கி. = 6 கிலோ. ஒரு நாளில் ரெசின் பிடிக்க வேண்டிய சுமை இது.

ஒரு லிட்டர் ரெசினுக்கு 160 கிராம் உப்பு போட்டால் சுமார் 55 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். 100 கிராம் போட்டால் சுமார் 45 கிராம். உப்பைக் கூட்டக் கூட்டக் கிடைக்கும் பலன் சுருங்குவதைப் பாருங்கள். அதனால் ரெசினைக் கொஞ்சம் அதிகமாகப் போட்டு உப்பைக் குறைப்பதுதான் நல்ல வழி. 110 லிட்டர் ரெசின் போட்டால் தினம் 17.6 கிலோ உப்பு வேண்டும். 150 லிட்டர் போட்டால் 15 கிலோ போதும், 6.75 கிலோ சுமை தாங்கும், அதாவது 11,250 லிட்டர் வரும். நாம் 10,000-லேயே நிறுத்திக்கொள்கிறோம். அந்த இடைவெளிதான் கோடைக்கான பாதுகாப்பு. பாய்லருக்குத் தண்ணீர் போகிறதென்றால் மட்டும் 160 கிராம் கணக்கையே பின்பற்றுங்கள். உப்பு குறைந்தால் வெளியே கொஞ்சம் கடினத்தன்மை கசியும். குளியலறை அதைத் தாங்கும், பாய்லர் தாங்காது.

150 லிட்டர் ரெசினுக்கு 18 அங்குல விட்டமும் 65 அங்குல உயரமும் உள்ள எஃப்.ஆர்.பி. வெசல், அதாவது கண்ணாடி இழை பிளாஸ்டிக் உருளை (1865 என்பார்கள்), சரியாக இருக்கும். உள்ளே ரெசின் 90 செ.மீ. சொச்சம் உயரம் நிற்கும்; மேலே பேக்வாஷில், அதாவது தண்ணீரைக் கீழிருந்து மேலே விட்டுக் கழுவும்போது, பொங்கி எழ இடம் இருக்கும். இதே ரெசினை 24 அங்குல வெசலில் போட்டால் அரை மீட்டர்தான் நிற்கும். தண்ணீர் ஒரு பக்கமாக வழி பிடித்து ஓடிவிடும். வெசல் பெரிதாக இருப்பதில் ஒரு லாபமும் இல்லை.

வால்வு பற்றி: பிளான்ட் ஆபரேட்டர் இருக்கும் மருத்துவமனை, சலவைக்கூடம் என்றால் கையால் திருப்பும் மல்டிபோர்ட் வால்வு போதும். பழுதும் குறைவு. வாட்ச்மேன் மாறிக்கொண்டே இருக்கும் லாட்ஜுக்குத் தண்ணீர் மீட்டரோடு கூடிய ஆட்டோமேட்டிக் வால்வு போடுங்கள். வெறும் டைமர் வைத்தது வேண்டாம். அறைகள் காலியாக இருக்கும் நாளிலும் அது உப்பைக் கரைத்துக் கொட்டும். குழாயின் மேல் மாட்டும் காந்தம், எலக்ட்ரானிக் கண்டிஷனர் போன்றவை கடினத்தன்மையை எடுப்பதில்லை. முன்னும் பின்னும் டெஸ்ட் செய்தால் ஒரே எண்தான் வரும்.

எங்கே வைப்பது

சம்ப், பம்ப், மணல் ஃபில்டர், சாஃப்ட்னர், மாடித் தொட்டி. இந்த வரிசைதான். மாடித் தொட்டிக்குக் கீழே வைத்து, இறங்கி வரும் தண்ணீரிலேயே ஓட்டலாம் என்று பிளம்பர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 10 மீட்டர் உயரம் கொடுப்பது 1 கிலோ அழுத்தம்தான். உப்பை உறிஞ்ச 2 கிலோவாவது வேண்டும். உள்ளே வரும் குழாயிலும் வெளியே போகும் குழாயிலும் ஒரு பிரஷர் கேஜ், ஒரு சாம்பிள் டேப் வைத்துவிடுங்கள்.

உப்பு போடும்போது வெளியேறும் கழிவுநீரை மழைநீர் சேகரிப்புக் குழிக்குள் விடவே கூடாது. அருகில் இருக்கிறதே என்று அதில் செருகிவிடுகிறார்கள். தினம் 15 கிலோ உப்பை நம் போருக்குள்ளேயே திருப்பி ஊற்றுவது அது. பக்கத்து வீட்டுக் கிணறும் சேர்ந்து கெடும். செடிகளுக்கும் வேண்டாம், சாக்கடை இணைப்புதான் அதன் இடம்.

உப்பு போடும் முறை (150 லிட்டர் ரெசினுக்கு)

1. பேக்வாஷ், 10 நிமிடம். மணிக்கு 2,000 லிட்டர் வேகம். கழிவுக் குழாயில் 15 லிட்டர் வாளி வைத்துப் பாருங்கள். 27 நொடியில் நிரம்ப வேண்டும். வாளியின் அடியில் பொன்பழுப்பு மணிகள் தங்கினால் வேகம் அதிகம், குறையுங்கள்.

2. உப்புக் கரைசல், 30 நிமிடம். 15 கிலோ உப்பை 55 லிட்டர் தண்ணீரில் முன்பே கலக்கி முழுக்கக் கரைத்து வையுங்கள்.

3. மெதுவான கழுவல், 40 நிமிடம். வால்வின் நிலை அதேதான். உப்புத் தொட்டிக் குழாயை மட்டும் மூட வேண்டும்.

4. வேகக் கழுவல், 10 முதல் 15 நிமிடம். டெஸ்ட் கிட்டில் சாஃப்ட் என்று வந்த பிறகே சர்வீஸுக்குத் திருப்புங்கள்.

ஒவ்வொரு முறையும் பம்பை நிறுத்திவிட்டுத்தான் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். அழுத்தத்தோடு திருப்பினால் உள்ளே இருக்கும் கேஸ்கெட் பிய்யும். பிறகு கடினத் தண்ணீர் ரெசினைத் தொடாமலே வெளியே போகும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

இரண்டாவது படிதான் எல்லோரையும் ஏமாற்றுவது

வால்வு ‘பிரைன்’ (உப்புக் கரைசல்) நிலையில் இருக்கிறது, கழிவுக் குழாயில் தண்ணீர் ஓடுகிறது, 30 நிமிடம் ஆயிற்று. உப்பு ரெசினுக்குள் போனதா? கழிவில் தண்ணீர் ஓடுவது இதற்குச் சாட்சி ஆகாது. உப்பை உறிஞ்சாமலே அது ஓடும். ‘தினமும் உப்பு போடுகிறோம், ஆனாலும் கீசர் அடைக்கிறது’ என்ற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

உப்புத் தொட்டியின் வெளிப்புறத்தில் மார்க்கர் பேனாவால் கரைசல் மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் உறிஞ்சு குழாயைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்து, அதன் வாயில் கட்டைவிரலை வையுங்கள்.

விரலை நன்றாக இழுத்தால் இன்ஜெக்டர் (உப்புக் கரைசலை உறிஞ்சும் பாகம்) நலம். தொட்டிக்குள் குழாய் முனையில் இருக்கும் சல்லடையில்தான் உப்புச் சேறு அடைத்திருக்கிறது. இழுப்பே இல்லை என்றால் கேஜைப் பாருங்கள். 2 கிலோவுக்குக் கீழே இருந்தால் பம்ப் அல்லது மணல் ஃபில்டர் அடைப்பு. அழுத்தம் சரியாக இருந்தால் இன்ஜெக்டரைக் கழற்றி உள்ளே இருக்கும் சிறு துளையைப் பாருங்கள். ஒரு மணல் துகள் போதும் அதை அடைக்க. கம்பி விடாதீர்கள், துளை பெரிதாகிவிடும். துடைப்பக் குச்சியால் தள்ளுங்கள். தண்ணீர் விரலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தால், கழிவுக் குழாய் அடைத்திருக்கிறது அல்லது மேலே ஏற்றி வளைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

இழுக்கிறது, ஆனால் மட்டம் மெதுவாகவே இறங்குகிறது என்றால் காற்றுக் கசிவு. உறிஞ்சு குழாயை நிறமற்ற ஹோஸாகப் போட்டிருந்தால் குமிழிகள் ஓடுவது கண்ணில் படும். யூனியனை (குழாய் இணைப்பை) இறுக்கி டெஃப்லான் டேப் சுற்றுங்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: உப்புத் தொட்டிக் குழாயை முழுக்கத் திறந்து பத்தே நிமிடத்தில் உறிஞ்ச விடுவது. ரெசினுக்கு நேரம் போதாது, பாதி உப்பு வீண்.

எந்த உப்பு

தூத்துக்குடி, வேதாரண்யம் கல் உப்பு விலை குறைவு. ஆனால் மண் அதிகம், கொஞ்சம் கால்சியமும் மக்னீசியமும் அதிலேயே இருக்கும். அதைப் போடுவதென்றால் வாரம் ஒருமுறை தொட்டியைக் கழுவ ஆள் வேண்டும். கழுவிச் சுத்திகரித்த கல் உப்புக்கு விலை கூட, இன்ஜெக்டர் தொல்லை குறைவு. ஆட்டோமேட்டிக் வால்வுக்கு இதுதான். தூள் உப்பு ஆட்டோமேட்டிக் தொட்டியில் பாறையாக இறுகும்.

பராமரிப்பு

தினம்: வெளிவரும் தண்ணீரை டிராப் டெஸ்ட் கிட்டில் பார்ப்பது. கருஞ்சிவப்பிலிருந்து தெளிவான நீலத்துக்கு மாறும்வரை சொட்டுகளை எண்ண வேண்டும். ஊதா வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். உப்பு போட்ட உடனே ஒரு சாம்பிள், அடுத்த முறை போடுவதற்குச் சற்று முன் ஒரு சாம்பிள். முதலாவதே கடினமாக இருந்தால் உப்பு போகவில்லை, அல்லது வால்வோ பைபாஸோ (சாஃப்ட்னரைச் சுற்றிப் போகும் குழாய்) கசிகிறது. முதலாவது நன்றாக இருந்து சீக்கிரமே கடினமானால் போர் தண்ணீரின் எண் ஏறியிருக்கிறது, அல்லது ரெசின் குறைந்துவிட்டது, இல்லை இரும்பு படிந்திருக்கிறது.

ஆண்டுக்கு ஒருமுறை மேலே திறந்து ரெசின் உயரத்தை அளந்து எழுதி வையுங்கள். பழைய ரெசினை ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கிடையே நசுக்குங்கள். குழைந்தால் மாற்ற வேண்டிய நேரம். புது ரெசின் வாங்கிய மூட்டை காய்ந்து போயிருந்தால் நேராகத் தண்ணீரில் போடாதீர்கள், மணிகள் வெடிக்கும். உப்புக் கரைசலில் ஊறவைத்துப் பிறகு போடுங்கள். முதல் கழுவலில் மஞ்சளாக வருவது இயல்பு.

பிற்சேர்க்கை 1: ‘குளித்தால் சோப்பு போகாமல் வழுவழு என்கிறது’ என்று விருந்தினர் புகார் சொல்வதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். கடினத்தன்மை முழுதாகப் போய்விட்டதால் வருவது. பைபாஸைக் கொஞ்சம் திறந்து ஆறில் ஒரு பங்கு போர் தண்ணீரைக் கலந்தால் 600 இருந்தது 100-ல் நிற்கும். வழுவழுப்பும் போகும், உப்பும் மிச்சம். பாய்லர் குழாய் இந்தக் கலப்புக்கு முன்பே பிரிய வேண்டும்.

பிற்சேர்க்கை 2: இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா என்ற கேள்விக்கு: 100 மி.கி. கடினத்தன்மையை எடுத்தால் 46 மி.கி. சோடியம் சேரும். 600-க்கு 276 மி.கி. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தங்கும் இடத்தில் அதைக் குடிநீராக வைக்கக் கூடாது. சாஃப்ட்னருக்குப் பின்னால் ஆர்.ஓ. வைத்து, குடிக்கவும் சமைக்கவும் அதிலிருந்து தனிக் குழாய் எடுங்கள். சாஃப்ட் தண்ணீர் போவதால் ஆர்.ஓ. மெம்பிரேனும் அடைபடாமல் நீண்ட நாள் வரும்.